ஓடிபி யாருக்கும் சொல்லவில்லை, ஆனாலும் பணம் போனது

(தஞ்சாவூர் மாவட்டக் கிராமம் ஒன்றில் விவசாயிகள், மகளிர் சுய உதவிக் குழுவினர் கூடிய கூட்டத்தில், இ-சேவை மையம் நடத்தும் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



என்னைப் பேசக் கூப்பிட்டபோது, "இ-சேவையில என்னென்ன சான்றிதழ் வாங்கலாம்னு சொல்லிட்டுப் போங்க" என்றுதான் கேட்டார்கள். அதை நான் சொல்லித் தெரிய வேண்டிய நிலையில் நீங்கள் யாரும் இல்லை. சாதிச் சான்று, வருமானச் சான்று, பட்டா மாறுதல் எல்லாம் என்னைவிட உங்களுக்கே மனப்பாடம். அதனால் இன்றைக்கு வேறு ஒரு விஷயம் பேசுகிறேன். நம்ம போனையோ கம்ப்யூட்டரையோ வேற ஊர்ல உட்கார்ந்திருக்கிற ஒருத்தர் இயக்குவது. அது எப்படி நடக்கிறது, எப்போது நல்லது, எப்போது வேண்டாம்.

எனக்கு சித்தப்பா முறை ஆகவேண்டிய ஒருவர் இருக்கிறார். பெயர் வேண்டாம். ஒரத்தநாடு பக்கம், கல்லணைக் கால்வாய்ப் பாசனத்தில் இரண்டு ஏக்கர். 2025 மாசி மாதம் சம்பா அறுத்து, நேரடி கொள்முதல் நிலையத்தில் தொண்ணூறு மூட்டை போட்டார். சன்ன ரகம். அந்தப் பருவத்துக்குக் குவிண்டால் 2,450 ரூபாய், நாற்பது கிலோ மூட்டைக்கு 980. ஆக 88,200 ரூபாய் வரவேண்டும். பணம் நேராக வங்கிக் கணக்குக்குத்தான் வரும், அதில் மாற்றமில்லை. ஆனால் நான்கு நாள் ஆகிறது, ஆறு நாள் ஆகிறது, வரவில்லை. அறுவடை மெஷின் வாடகைக்கு ஆள் வந்து திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்.

சித்தப்பா என்ன செய்தார்? போனில் தேடினார். நெல் பணம் வரலைன்னா எந்த நம்பருக்குப் பேசணும் என்று தட்டியதும் ஒரு நம்பர் வந்தது. அதற்குப் பேசினார். எடுத்தவர் நல்ல தமிழ், நல்ல மரியாதை. "ஐயா, உங்க கணக்குல ஆதார் இணைப்பு விட்டுப்போயிருக்கு. அதனாலதான் பணம் நிக்குது. நீங்க எங்கயும் அலைய வேணாம், நான் இங்கிருந்தே சரி பண்ணித் தர்றேன்" என்றார். ஒரு செயலியை இறக்கச் சொன்னார். பிளே ஸ்டோரில்தான். அதனால் சித்தப்பாவுக்குச் சந்தேகம் வரவில்லை. அதைத் திறந்ததும் ஒன்பது இலக்க எண் ஒன்று தெரிந்தது. அதைப் படிக்கச் சொன்னார், படித்தார். அடுத்து "அனுமதி" என்று வந்ததை அமுக்கச் சொன்னார், அமுக்கினார். பிறகு சரிபார்ப்புக்குப் பத்து ரூபாய் கட்டணும் என்று ஒரு படிவம். அதில் ஏடிஎம் கார்டு எண்ணைப் போட்டார்.

கணக்கில் நகைக்கடன் திருப்ப வைத்திருந்த பணம் அறுபத்திரண்டாயிரம் இருந்தது. முதலில் 49,000 போனது. அடுத்து 12,500.

நான் போனபோது அவர் ஒரே வாக்கியத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். "நான் யாருக்கும் ஓடிபி சொல்லலடா தம்பி." உண்மை. அவர் சொல்லவில்லை. டிவியில், ரேடியோவில், வங்கிச் சுவரில் நாம் எழுதி எழுதி ஒட்டினோமே, ஓடிபி யாரிடமும் சொல்லாதீர்கள் என்று, அதை அவர் அப்படியே கடைப்பிடித்தார். அவர் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது. ஓடிபி வந்து விழுந்த திரையை அந்த ஆள் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இது எப்படி என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். புரிந்துவிட்டால் பயம் போய்விடும்.

நீங்கள் ஒரு கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்து உள்ளே நுழைகிறீர்கள். வேலை முடிந்து வெளியேறும் வரை அது ஒரு அமர்வு. செஷன் என்பார்கள். ஆள் இங்கே, மெஷினும் இங்கே என்றால் அது உள்ளூர் அமர்வு. ஆள் இங்கே, மெஷின் வேறு ஊரில் என்றால் அது தொலை அமர்வு. தொலை அமர்வில் இரண்டே இரண்டு விஷயம்தான் கம்பி வழியாகப் போய் வருகிறது. அந்த மெஷினின் திரை படமாக இங்கே வருகிறது. இங்கே நாம் தட்டுகிற எழுத்தும் தொடுகிற இடமும் அங்கே போகிறது. அவ்வளவுதான். மந்திரம் ஒன்றுமில்லை.

சரி, அவர் போன் ஒரத்தநாட்டில், எதிராளி எங்கேயோ. இரண்டும் ஒன்றையொன்று எப்படிக் கண்டுபிடிக்கிறது? அதற்குத்தான் அந்த ஒன்பது இலக்க எண். செயலியை நிறுவியதும் அந்த நிறுவனத்தின் சர்வர் உங்கள் போனுக்கு ஒரு முகவரி கொடுக்கிறது. எதிராளி அந்த எண்ணைத் தன் கம்ப்யூட்டரில் தட்டியதும், சர்வர் நடுவில் நின்று இரண்டு பக்கத்தையும் கோத்துவிடுகிறது. ஆனால் கோத்த மாத்திரத்தில் கதவு திறந்துவிடாது. உங்கள் திரையில் கேள்வி வரும்: இன்னார் இணைய விரும்புகிறார், சம்மதமா? நீங்கள் சம்மதம் என்று அமுக்கினால்தான் மடை திறக்கும்.

மடை என்று சொன்னதும் ஞாபகம் வருகிறது. மேட்டூர் திறந்தால் நம்ம வாய்க்காலுக்குத் தண்ணீர் வரும். ஆனால் நம்ம ஊர் ஷட்டரை யார் வேண்டுமானாலும் ஏற்றி இறக்க முடியுமா? சாவி லஸ்கர் கையில். ராத்திரி யாராவது தெரியாத ஆள் வந்து, "உங்க வயலுக்குத் தண்ணி சரியா வரல, சாவியைக் குடுங்க, நான் பார்க்கிறேன்" என்றால் லஸ்கர் கொடுப்பாரா? சாவி கேட்பவர் யார், எந்த ஊர், நாம் கூப்பிட்டு வந்தவரா, தானாக வந்தவரா என்று கேட்பார். போனில் அந்த லஸ்கர் நீங்கள்தான்.

ஆண்ட்ராய்டு போனில் இரண்டு படி உண்டு. முதல் படியில் எதிராளி பார்க்க மட்டும் முடியும். உங்கள் போனைத் தொட்டு இயக்கவேண்டுமென்றால், அக்சஸிபிலிட்டி என்ற இன்னொரு அனுமதியும் வேண்டும். பார்வைக் குறைபாடு, கை நடுக்கம் உள்ளவர்களுக்கு உதவுவதற்காக வைத்த வசதி அது. அதைத் திறந்துவிட்டால் ஒரு செயலி உங்கள் விரலாகவே மாறிவிடும். "செட்டிங்ஸ் போங்க, அக்சஸிபிலிட்டி ஆன் பண்ணுங்க" என்று முன்பின் தெரியாத குரல் சொன்னால், அந்த இடத்திலேயே போனை வைத்துவிடுங்கள். ஐபோனில் இந்தச் செயலிகள் திரையைப் பார்க்கத்தான் முடியும், தொட்டு இயக்க முடியாது. ஆனால் சித்தப்பா கதையில் பார்த்ததே போதுமானதாக இருந்ததே!

சிலர் கேட்பார்கள், வங்கிச் செயலியைத் திறந்தால் எதிராளிக்குக் கறுப்பாகத்தானே தெரியும் என்று. பல வங்கிச் செயலிகளில் அப்படித்தான். பின் போடுகிற பக்கம் வெளியே போகாது. ஆனால் மேலே இருந்து இறங்கி வருகிற மெசேஜுக்கு அந்த மறைப்பை எல்லாப் போனிலும் எதிர்பார்க்க முடியாது. ஆண்ட்ராய்டின் புதிய பதிப்புகளில் திரையைப் பகிரும்போது ஓடிபி-யை மறைக்கும் ஏற்பாடு வந்திருக்கிறது. நம்ம ஊரில் பாதிப் பேர் கையில் இருப்பது பிள்ளைகள் பயன்படுத்திவிட்டுக் கொடுத்த பழைய போன். அதனால் அதை நம்பி இருக்காதீர்கள்.

ஒன்றைச் சொல்லிவிடவேண்டும். இந்தச் செயலிகள் திருட்டுச் செயலிகள் அல்ல. எனிடெஸ்க், டீம்வியூவர் இரண்டும் ஜெர்மனியில் உருவானவை. உலகம் முழுக்க அலுவலகங்கள் நாள்தோறும் பயன்படுத்துகின்றன. ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எனிடெஸ்க் பெயரைச் சொல்லி வங்கிகளை எச்சரித்தது, அதைத் தவறாகப் பயன்படுத்திப் பணம் எடுக்கிறார்கள் என்று. மண்வெட்டியை வைத்து வரப்பும் வெட்டலாம், அடுத்தவன் வரப்பையும் வெட்டலாம். நம்ம ஊர்ல இரண்டாவதற்கு எத்தனை வழக்கு நடந்திருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

இந்த ஆசை ஒன்றும் நேற்று வந்ததில்லை. இன்டர்நெட்டின் பிறப்பே இதில்தான். 1969 அக்டோபர் 29 அன்று, லாஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த ஒரு மாணவர், பல நூறு கிலோமீட்டர் தள்ளி ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் இருந்த கம்ப்யூட்டருக்குள் நுழையப் பார்த்தார். லாகின் என்று தட்டவேண்டும். எல், ஓ என்று இரண்டு எழுத்து போனதும் அந்தப் பக்கத்து மெஷின் படுத்துவிட்டது! ஒரு மணி நேரம் கழித்துத்தான் முழுசாக நுழைய முடிந்தது. ஆகவே நம்ம மையத்தில் "சர்வர் டவுன், அப்புறம் வாங்க" என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். முதல் நாளிலிருந்தே அப்படித்தான்.

நல்ல பக்கத்தையும் பாருங்கள். நம்ம டெல்டாவில் வீட்டுக்கு ஒரு பிள்ளை சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கிறது. பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் கேட்கவே வேண்டாம். எங்கள் தெருவில் ஒரு அம்மா, கண் ஆபரேஷன் ஆனவர். போனில் எழுத்து சின்னதாகிப் போனால் சிங்கப்பூரில் இருக்கிற மகனைக் கூப்பிடுவார். மகன் அங்கிருந்தே திரையைப் பார்த்து, "அம்மா, மேல இருக்கிற மூணு புள்ளியைத் தொடுங்க" என்று சொல்லிச் சரி செய்துவிடுவான். 2023-லிருந்து வாட்ஸ்அப் வீடியோ காலிலேயே திரையைக் காட்டும் வசதி வந்துவிட்டது. தனியாகச் செயலி கூடத் தேவையில்லை. இங்கே என்ன வித்தியாசம்? கூப்பிட்டது அம்மா. குரல் மகனுடையது. வேலை முடிந்ததும் நிறுத்திவிடுகிறார்கள். பணம் சம்பந்தப்பட்ட எதையும் அந்த நேரத்தில் திறப்பதில்லை. ஆனால் ஒன்று, வாட்ஸ்அப்பில் திரையைக் காட்டினாலும் மெசேஜ் தெரியத்தான் செய்யும். மோசடிக்காரரும் இப்போது செயலி இறக்கச் சொல்வதை விட்டுவிட்டு, "வீடியோ கால்ல ஸ்க்ரீன் ஷேர் பண்ணுங்க" என்கிறார்கள்.

இனி என் தவறைச் சொல்கிறேன். மேடை ஏறி அடுத்தவர் கதையை மட்டும் சொன்னால் நியாயமில்லை.

சில வருஷம் முன்னாடி என் மையத்தில் கைரேகை வைக்கும் மெஷின் வேலை செய்யவில்லை. வெளியே பதினைந்து பேர் நிற்கிறார்கள். மெஷின் விற்ற இடத்துக்குப் பேசினேன். டெக்னீஷியன் வேறு ஊர். "தொலைவிலிருந்தே பார்க்கிறேன் சார்" என்றார். இணைத்தேன், பத்து நிமிஷத்தில் சரி செய்துவிட்டார், நல்ல மனுஷன். போகும்போது, "அடுத்த தடவை நீங்க அமுக்கணும்னு அவசியம் இல்லாம ஒரு பாஸ்வேர்டு வெச்சுடறேன்" என்றார். சரி என்றேன். ஆள் இல்லாமலே நுழைகிற அனுமதி அது. மடைச் சாவியில் ஒரு நகல் எடுத்துக் கொடுத்தது மாதிரி.

ஒரு மாசம் கழித்து, காலையில் கடையைத் திறந்து ஒரு பெண்ணின் வருமானச் சான்று விண்ணப்பத்தைப் பாதி நிரப்பி வைத்துவிட்டு டீ வாங்கத் திரும்புகிறேன், மவுஸ் அம்புக்குறி தானாக நகர்கிறது. என் கை மேஜையில் இல்லை. அந்தப் பெண்ணும் பார்த்துவிட்டார். "அண்ணே, இது என்னண்ணே?" என்றார். டெக்னீஷியன்தான். ஏதோ அப்டேட் போட வந்திருக்கிறார், கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. ஆனால் அந்த நேரம் திரையில் அந்தப் பெண்ணின் ஆதார், வீட்டுக்காரர் சம்பளம் எல்லாம் திறந்து கிடந்தது. டெஸ்க்டாப்பில் அதற்கு முந்தின வாரம் வந்தவர்களின் ஸ்கேன் எல்லாம் அப்படியே இருந்தது. அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அன்றைக்கே அந்த பாஸ்வேர்டை எடுத்தேன். இப்போது யாராவது இணையவேண்டுமென்றால், திறந்திருப்பதையெல்லாம் மூடி, நான் பக்கத்திலேயே உட்கார்ந்து, முடிந்ததும் செயலியை நிறுத்திவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.

இதில் இன்னொரு நுணுக்கம். இப்படிப்பட்ட செயலிகளில் இருவரும் ஒரே அமர்வைப் பங்குபோடுகிறோம். அதனால்தான் அம்புக்குறி நகர்வது என் கண்ணில் பட்டது. விண்டோஸில் ரிமோட் டெஸ்க்டாப் என்று ஒன்று இருக்கிறது. அதில் தொலைவிலிருந்து ஒருவர் நுழைந்தால் இங்கே இருக்கிற திரை பூட்டிக்கொள்ளும். உள்ளே என்ன நடக்கிறது என்றே தெரியாது. அலுவலகத்துக்கு அது சரி. நம்மைப் போன்ற சின்னக் கடைகளுக்கு, கண்ணில் படுகிற முறைதான் நல்லது என்பது என் கருத்து.

நீங்களும் என் கம்ப்யூட்டரில் அமர்வை விட்டுவிட்டுப் போகிறீர்கள், அது தெரியுமா? பிரிண்ட் எடுக்க வருகிறீர்கள். வாட்ஸ்அப் வெப் திறந்து, கட்டத்தை ஸ்கேன் செய்து, பிடிஎஃப் இறக்கி, காகிதத்தை வாங்கிக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறீர்கள். உங்கள் வாட்ஸ்அப் என் திரையில் திறந்தே இருக்கிறது. உங்கள் வீட்டுச் சண்டை எல்லாம் எனக்கு வருகிறது. நான் மூடிவிடுவேன், எல்லாரும் மூடுவார்கள் என்று சொல்ல முடியாது. இப்போதே போனை எடுங்கள். வாட்ஸ்அப்பில் மூன்று புள்ளி, அதில் "இணைக்கப்பட்ட சாதனங்கள்". அங்கே உங்களுக்குத் தெரியாத கம்ப்யூட்டர் ஏதாவது இருந்தால் தொட்டு வெளியேற்றிவிடுங்கள். என் மையத்தில் டிஜிலாக்கர் திறந்தாலும் அதே கதைதான், மூலையில் இருக்கிற பெருக்கல் குறியை அமுக்கினால் ஜன்னல் மூடும், அமர்வு முடியாது. வெளியேறு என்பதைத் தேடி அமுக்கவேண்டும்.

சித்தப்பாவிடம் திரும்புவோம். பணம் போனது நாலரை மணிக்கு. என்னிடம் சொன்னது ஏழு மணிக்கு. நடுவில் இரண்டரை மணி நேரம் திண்ணையில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். ஏன்? வெட்கம். ஊர் சிரிக்குமே, பெண்டாட்டி என்ன சொல்வாளோ என்று. இந்த இரண்டரை மணி நேரத்தைப் பற்றித்தான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு, அங்கிருந்து நாலு கணக்குக்கு என்று வாய்க்கால் பிரிகிற மாதிரி பிரிந்து ஓடும். தலைமடையிலேயே அடைத்தால் தண்ணீர் நிற்கும். கடைமடை போன பிறகு அடைத்து என்ன பயன்? 1930 என்ற எண் அதற்காகத்தான். நாடு முழுக்க ஒரே எண். முதலில் 155260 என்று இருந்தது, பிறகு மாற்றினார்கள். நீங்கள் புகார் சொன்னதும் பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்குத் தகவல் போகும், அந்தத் தொகை இன்னும் அங்கே இருந்தால் நிறுத்தி வைப்பார்கள். பரிவர்த்தனை எண், நேரம், தொகை மூன்றும் கையில் இருக்கட்டும், அது மெசேஜிலேயே இருக்கும். அதனால் மெசேஜை அழிக்காதீர்கள். சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் என்ற தளத்திலும் பதிவு செய்யலாம்.

ஆனால் அதற்கும் முன்னால் ஒன்று இருக்கிறது. முதலில் இணைப்பை அறுங்கள். மொபைல் டேட்டா, வைஃபை இரண்டையும் அணையுங்கள். எதிராளி பார்த்துக்கொண்டிருக்கும் போனிலேயே வங்கிக்குப் பேசுவதைவிடப் பக்கத்து வீட்டுப் போனில் பேசுவது நல்லது. வங்கிக்குப் பேசி கார்டையும் நெட் பேங்கிங்கையும் முடக்குங்கள். பிறகுதான் செயலியை நீக்குவது, பாஸ்வேர்டு மாற்றுவது எல்லாம். சித்தப்பா செயலியை நீக்கவே இல்லை. ஏழு மணிக்கும் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது.

வங்கிக்குச் சீக்கிரம் சொல்வதில் இன்னொரு லாபம் உண்டு. ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-ல் வெளியிட்ட சுற்றறிக்கையில், வாடிக்கையாளரின் கவனக்குறைவால் பணம் போனால், அவர் வங்கிக்குத் தெரிவிக்கும் வரை ஆன நஷ்டம் அவருடையது, தெரிவித்த பிறகு போவது வங்கியின் பொறுப்பு என்று இருக்கிறது. வாடிக்கையாளர் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல், வெளியே எங்கோ நடந்த மீறலாக இருந்து, மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் அவருக்கு நஷ்டமே இல்லை. எதுவானாலும் சொன்ன நேரம்தான் கணக்கு. புகார் எண்ணை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நம்பரைத் தேடலில் எடுக்காதீர்கள். தேடலில் யார் வேண்டுமானாலும் நம்பர் போடலாம். நெல் பணத்துக்கு முதலில் கொள்முதல் நிலையத்தில் கொடுத்த ரசீதோடு அங்கேயே போய்க் கேளுங்கள். பிஎம் கிசானுக்கு 155261. விவசாய ஆலோசனைக்குக் கிசான் கால் சென்டர், 1800 180 1551. தமிழ்நாடு அரசுக்கு எந்தக் குறை சொல்லவும் முதல்வரின் உதவி மையம் 1100. இவர்கள் யாரும் உங்கள் போனுக்குள் வரவேண்டும் என்று கேட்கமாட்டார்கள். பிஎம் கிசான் பெயரில் வாட்ஸ்அப்பில் ஒரு ஏபிகே கோப்பு சுற்றுகிறது, தொடாதீர்கள். அது அனுமதி கேட்கிற நாகரிகம் கூட இல்லாத ரகம்.

அன்று ராத்திரி ஏழே காலுக்கு வங்கிக்கும் 1930-க்கும் பேசினோம். கார்டு முடங்கியது. முதலில் போன 49,000 அதற்குள் எங்கெங்கோ பிரிந்துவிட்டது. இரண்டாவதாகப் போன 12,500 ஒரு கணக்கில் இன்னும் இருந்தது, நிறுத்திவிட்டார்கள். அது கைக்கு வர ஏழு மாசம் ஆனது. குறுவை அறுப்பு வந்துவிட்டது.

மறுநாள் காலை பத்தரைக்குச் சித்தப்பா போனில் ஒரு மெசேஜ். 88,200 வரவு. நெல் பணம், தானாக வந்தது. ஆதாரும் சரியாகத்தான் இருந்திருக்கிறது, ஒன்றும் விட்டுப்போகவில்லை. முந்தின இரவு கார்டை முடக்காமல் விட்டிருந்தால் அதுவும் போயிருக்கும். அவர் அந்த மெசேஜை எனக்குக் காட்டி, "இது நெசந்தானா பாருடா" என்றார். நான் போனைக் கையில் வாங்காமல், அவர் கையிலேயே வைத்துப் படித்துச் சொன்னேன்.

கேள்வி இருந்தால் கேளுங்கள். வாட்ஸ்அப் பட்டியலில் தெரியாத கம்ப்யூட்டர் கண்டவர்கள் முதலில் வாருங்கள். அதில் பாதி என் கடை கம்ப்யூட்டராகத்தான் இருக்கும்.